வியாழக்கிழமை ஊசி

நம்மூரில் ஊசி போடாத டாக்டரை யாரும் முழு டாக்டராக ஒப்புக்கொள்வதில்லை. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், ‘ஒரு ஊசி போட்டு விட்ருங்களேன் சார், சட்டுன்னு கேக்கும்’ என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்போம். ஊசிதான் வைத்தியம். மாத்திரை அதற்குத் துணைக்கு வருவது.

ஒரே ஒரு வியாதிக்காரர்கள் மட்டும் இதற்கு நேர் எதிர். பதினேழு வருஷம் அவர்கள் ‘மாத்திரை வராதா, மாத்திரை வராதா’ என்று காத்துக் கிடந்தார்கள். வியாதியின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். நமக்கு எம்.எஸ். என்றால் சுப்புலட்சுமி. அதை விட்டால் அமெரிக்காவுக்குப் போய்ப் படிக்கிற படிப்பு. என் அக்காவுக்கும் அப்படித்தான். 2005-ல் டொரான்டோவிலிருந்து அவள் பெண் போன் பண்ணி, ‘அம்மா, எனக்கு எம்.எஸ்.னு சொல்றாங்க’ என்றபோது, ‘வேலைக்கும் போய்க்கிட்டு எப்படிடி படிப்பே?’ என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டதாம். ரொம்ப நேரம் கேட்டதாம். அது சிரிப்பு இல்லை என்று புரிய அக்காவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வியாதி இதுதான். மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பு இழைகளுக்கு மேலே மயலின் என்று ஒரு கொழுப்பு உறை. கரன்ட் ஒயருக்கு மேல் பிளாஸ்டிக் மாதிரி. உடம்பைக் காவல் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களில் சில, யாரோ தப்பான விலாசம் கொடுத்து அனுப்பியது போல, இந்த உறையைப் பிய்க்கப் புறப்பட்டு விடுகின்றன. பிய்ந்த இடத்தைப் பொறுத்துத் தொல்லை. கண் நரம்பில் பிய்ந்தால் பார்வை மங்கும். தண்டுவடத்தில் பிய்ந்தால் கால் மரத்துப் போகும். சில வாரங்களில் பாதியோ முக்காலோ சரியாகும். ஆறு மாசமோ ரெண்டு வருஷமோ கழித்து இன்னொரு இடத்தில் ஆரம்பிக்கும். ஒவ்வொரு தாக்குதலுக்கும் ரிலாப்ஸ் என்று பெயர். 1868-ல் பாரிஸில் ஷார்கோ என்ற டாக்டர் இதைத் தனி வியாதியாக விவரித்தார். பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள் பிடிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களை அதிகம். பூமத்திய ரேகையை விட்டு விலக விலக அதிகம். கனடா இதில் உலகத்தின் முன்வரிசை.

முதல் உருப்படியான மருந்து 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்டர்ஃபெரான். வேண்டியவர்கள் அத்தனை பேருக்கும் போதாததால், யாருக்கு முதலில் என்று குலுக்கல் நடத்தினார்கள்! ஒன்றுவிட்டு ஒருநாள் தனக்குத்தானே தோலுக்கடியில் குத்திக்கொள்ள வேண்டிய ஊசி அது. அடுத்து வந்ததை வாரம் ஒருமுறை தசையில் குத்தவேண்டும். இன்னொன்றை தினமும். குத்தினால் வியாதி குணமாகாது. ரிலாப்ஸ் மூன்றில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். குத்திய இரவெல்லாம் குளிர்ஜுரம். தொடை, வயிறு, புஜம் என்று இடம் மாற்றி மாற்றிக் குத்தி, கடைசியில் குத்த இடமில்லாமல் போனவர்கள் உண்டு. ‘நாளைக்கு உடம்பு நல்லா இருக்கறதுக்காக இன்னிக்கு ஜுரம் வரவெச்சுக்கறேன் மாமா’ என்று அவள் எனக்கு எழுதினாள்.

அவளுக்கு அப்போது 29 வயது. கல்யாணமாகி ரெண்டு வருஷம். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதிய ப்ரோக்ராமை எந்த வழியில் உடைக்கலாம் என்று பார்த்துப் பார்த்து உடைக்கிறவள். 2006-ல் ஊசியையும் மீறி இன்னொரு ரிலாப்ஸ் வந்தது. அந்த வருஷக் கடைசியில் அவளுடைய டாக்டர் கேட்டார்: ‘வாய்வழி மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம். சேர்கிறீர்களா?’ தினம் ஒரு கேப்ஸ்யூல்.

‘இத்தனை நாள் நான் டெஸ்ட் பண்ணேன், இப்ப என்னை டெஸ்ட் பண்றாங்க’ என்று மெயில் அனுப்பியிருந்தாள். கூடவே இருபதுக்கு மேற்பட்ட பக்கங்களில் ஒப்புதல் படிவம். ‘படிச்சுப் பாருங்க மாமா. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.’

அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி பக்கவிளைவு பற்றியதே அல்ல. ‘அந்த மாத்திரை சாப்பிடறப்ப குழந்தை பெத்துக்கலாமாடா?’

கூடாது. படிவத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. கருவுக்கு என்ன செய்யும் என்று தெரியாத மருந்து. சோதனை முடியும் வரை கர்ப்பத்தடை கட்டாயம். இளம்பெண்களைத் தேடிப் பிடிக்கிற வியாதிக்கு மருந்து கண்டுபிடிக்கப் போகிறவர்கள், அந்த இளம்பெண்களிடம்தான் வருஷக்கணக்கில் ‘இப்போது வேண்டாம்’ என்று எழுதி வாங்கவேண்டும். மருத்துவப் பத்திரிகைகளில் ஆராய்ச்சி முறை பற்றி அரைப் பக்கம் போடுகிறார்கள். அதில் இது ஒரு வரி கூடத் தேறாது. எங்கள் குடும்பத்தில் மூன்று மாசம் இதுதான் பேச்சு.

பயப்படக் காரணமும் இருந்தது. 2004 நவம்பரில் அனுமதி பெற்ற நடாலிசுமாப் என்ற பலமான மருந்தை, சிலருக்கு மூளையில் அபூர்வமான வைரஸ் தாக்கி, 2005 பிப்ரவரியில் திரும்பப் பெற்றிருந்தார்கள். 2006-ல் கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது. அதெல்லாம் அவளுக்கும் தெரியும். இருந்தும் கையெழுத்துப் போட்டாள். ‘ஊசி போட்டும் வருது. போடாட்டியும் வரும். மாத்திரையையாவது பாத்துடறேன்.’

சோதனை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஏனென்றால் நம்மில் பலர் ‘சோதனை எலி’ என்ற ஒரு வார்த்தையோடு இந்த விஷயத்தைக் கடந்துவிடுகிறோம்.

வந்தவர்களை மூன்று கோஷ்டியாகக் கம்ப்யூட்டர் பிரித்தது. ஒரு கோஷ்டிக்கு 0.5 மில்லிகிராம் கேப்ஸ்யூல். இன்னொன்றுக்கு 1.25. மூன்றாவதுக்குப் பழைய வாராந்திர ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஊசியையும் மாத்திரையையும் பார்த்தாலே வித்தியாசம் தெரியுமே என்றால், அதற்கும் வழி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ரெண்டும் உண்டு! தினம் ஒரு கேப்ஸ்யூல், வியாழக்கிழமை ஒரு ஊசி. ரெண்டில் ஒன்று நிஜம், ஒன்று டம்மி. ஆக, நிஜக் கேப்ஸ்யூல் கிடைத்தவர்கள்கூட ஒரு வருஷம் பூராவும் வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றித் தொடையில் குத்திக்கொள்ள வேண்டும். ஊசியிலிருந்து தப்பிக்கச் சேர்ந்தவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை.

முதல் கேப்ஸ்யூலை ஆஸ்பத்திரியில் விழுங்கவேண்டும். விழுங்கி ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கவேண்டும். மணிக்கொரு முறை நாடி பார்ப்பார்கள். இந்த மருந்து முதல் தடவை இதயத் துடிப்பைக் குறைக்கும். அப்படிக் குறைந்தால் ‘ஓஹோ, இவளுக்கு நிஜம்’ என்று டாக்டர் கண்டுபிடித்துவிடுவார் இல்லையா? அதனால் நாடி பார்க்கிறவர் வேறு, வைத்தியம் பார்க்கிறவர் வேறு. முன்னேற்றத்தை அளந்து மார்க் போடுகிறவர் மூன்றாவது ஆள். அவர் எதிரில் ஊசித் தழும்பை மூடிக்கொண்டு போகவேண்டும். ஜுரம், மருந்து, ஒன்றும் பேசக்கூடாது. ‘ஹலோ, வெயில் அடிக்குது, பை. இவ்வளவுதான் மாமா எங்க சம்பாஷணை.’

மார்க் போடுவது கர்ட்ஸ்கி என்பவர் வகுத்த அளவுகோல்படி. பூஜ்யத்திலிருந்து பத்து வரை. பூஜ்யம் என்றால் ஒரு குறையும் இல்லை. ஆறு என்றால் நூறு மீட்டர் நடக்கக் கைத்தடி வேண்டும். பத்து என்றால் மரணம். இது தவிர 25 அடி தூரத்தை எத்தனை விநாடியில் நடக்கிறாள், ஒன்பது குச்சிகளை ஒன்பது ஓட்டைகளில் செருகி எடுக்க எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச் பரீட்சைகள். எல்லாவற்றிலும் கொடுமை ஒரு கூட்டல் பரீட்சை. மூன்று விநாடிக்கு ஒருமுறை டேப்பில் ஒரு எண் வரும். அதை முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்லவேண்டும்; நீங்கள் சொன்ன விடையோடு அல்ல. 3, 5 என்றால் எட்டு. அடுத்து 2 வந்தால் பத்து இல்லை, ஏழு. இதைப் படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. வீட்டில் யாரையாவது எண்களை வாசிக்கச் சொல்லிச் செய்து பாருங்கள். பத்தாவது எண்ணில் மனைவியோடு சண்டை வரும்.

2007 கோடையில் அக்கா டொரான்டோவுக்குப் போய் ஆறு மாசம் இருந்தாள். போன வேகத்தில் கேப்ஸ்யூல் டப்பாவை பூஜை அலமாரியில் வெங்கடாசலபதிக்கும் விநாயகருக்கும் நடுவில் வைத்துவிட்டாள். தினமும் விபூதி வைத்து எடுத்துக் கொடுப்பாள். ஊசி ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு மரியாதை கிடையாது. வியாழன் ராத்திரி பெண்ணுக்கு ஜுரம் வந்தால் மட்டும் கவலைப்படுவாள். ஜுரம் வந்தால் ஊசி நிஜம், ஊசி நிஜமென்றால் மாத்திரை டம்மி. பரமசிவம் தனமாக மாப்பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாராவாரம் ஜுரத்தைக் குறித்துவைத்தார். இந்தக் கணக்கை நம்பவும் முடியாது. தண்ணீர் ஊசி போட்டுக்கொண்டு நிஜமாகவே ஜுரத்தில் நடுங்கியவர்கள் எம்.எஸ். சோதனைகளில் ஏராளம். எதிர்பார்த்தால் ஜுரம் வரும்.

மருந்தின் பெயர் ஃபிங்கோலிமோட். அது வந்த வழி வினோதமானது. சில்வண்டின் புழுவைக் கொன்று அதன் மேலேயே முளைக்கிற ஒரு பூஞ்சை இருக்கிறது. சீன வைத்தியத்தில் பூச்சிமேல் முளைக்கும் இந்த ஜாதிக் காளான்களுக்கு ஏக மதிப்பு. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஃபுஜிடாவும் அவர் கோஷ்டியும் அதிலிருந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஒரு பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை மாற்றி மாற்றி, 1992-ல் இதைச் செய்தார்கள். முதலில் கிட்னி மாற்று ஆபரேஷனுக்கு உதவும் என்று பார்த்தார்கள். பழைய மருந்துகளை அது ஜெயிக்கவில்லை. பிறகுதான் எம்.எஸ்.ஸுக்கு வந்தது. அது வெள்ளை அணுக்களைக் கொல்வதில்லை. நிணநீர் முடிச்சுகள் ஹாஸ்டல் என்றால், வெளியே போக அணுக்களுக்கு ஒரு கேட் பாஸ் வேண்டும். இந்த மருந்து பாஸைப் பறித்துவிடுகிறது. பையன்கள் உள்ளேயே இருப்பார்கள். ஊருக்குள் கலாட்டா இல்லை.

ஆனால் ஊருக்குள் நிஜத் திருடன் வந்தால்? அதுவும் நடந்தது. இந்தச் சோதனையில் அதிக அளவு சாப்பிட்ட கோஷ்டியில் ரெண்டு பேர் இறந்தார்கள். ஒருவருக்கு சின்னம்மை உடம்பு முழுக்கப் பரவி. மற்றவருக்கு ஹெர்பிஸ் வைரஸ் மூளையில்.

ஒருநாள் ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டு, ‘உனக்குச் சின்ன வயதில் சிக்கன்பாக்ஸ் வந்திருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறாள். இவளுக்கு நினைவில்லை. சென்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு போன். அக்கா தூக்கத்திலேயே சொல்லிவிட்டாள்: ‘மூணாங் கிளாஸ்ல. திருச்சியில இருந்தப்ப. பத்து நாள் வேப்பிலைல படுக்க வெச்சு, மூணு தண்ணி ஊத்தினோம். சமயபுரத்துல மாவிளக்குப் போட்டேன். ஏன் கேக்கற?’ சர்வதேச மருந்து ஆராய்ச்சிக்கு வேண்டிய ஒரு தகவல் மாரியம்மன் கணக்கில் பத்திரமாக இருந்தது. இன்றைக்கு இந்த மருந்தை ஆரம்பிக்குமுன் அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் தடுப்பூசி போட்டுவிட்டுத்தான் மாத்திரை. பெயர் தெரியாத அந்த ஒருவர் செத்துப் போனதற்கு அதில் பங்கிருக்கிறது.

அந்த போனுக்கு மறுநாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். ‘நீ சொன்னா கேப்பாடா. விட்டுட்டு வரச் சொல்லு.’ நான் சொல்லவில்லை. புதிய தகவலோடு மறுபடி ஒப்புதல் படிவம் கொடுத்திருந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று அதில் இருந்தது. படித்துவிட்டு அவளும் புருஷனும் பேசி, தொடர்வதென்று முடிவு செய்திருந்தார்கள். அவள் உடம்பு. அக்கா ஒரு மாசம் என்னோடு பேசவில்லை.

2010 ஆரம்பத்தில் முடிவுகள் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வெளியாயின. 1,292 பேர். வாராந்திர ஊசிக்காரர்களுக்கு வருஷத்துக்கு 0.33 ரிலாப்ஸ், கேப்ஸ்யூலில் 0.5 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு 0.16, 1.25-க்கு 0.20. அதாவது ஊசியில் மூன்று வருஷத்துக்கு ஒன்று வருவது, 0.5 மாத்திரையில் ஆறு வருஷத்துக்கு ஒன்று. அந்த செப்டம்பரில் அமெரிக்கா 0.5-க்கு அனுமதி கொடுத்தது. எம்.எஸ்.ஸின் போக்கை மாற்றுகிற முதல் மாத்திரை.

பிற்பாடு அவளுக்கும் ரகசியத்தைச் சொன்னார்கள். அந்த முதல் வருஷம் அவளுக்குக் கிடைத்தது நிஜ ஊசி. கேப்ஸ்யூல் டம்மி. அக்கா ஆறு மாசம் விபூதி வைத்தது வெறும் மாவுக்கு! மாப்பிள்ளையின் ஜுர நோட்டு சரியாகச் சொல்லியிருந்தது. அந்த வருஷம் அவளுக்கு ரிலாப்ஸே வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இரண்டாவது வருஷத்திலிருந்து எல்லோருக்கும் நிஜ கேப்ஸ்யூல் என்று நீட்டித்ததில், அவளுக்கும் கிடைத்தது.

இந்தச் சோதனையில் யாருமே மருந்தில்லாமல் இல்லை. அதே இதழில் வந்த வேறு ரெண்டு சோதனைகள் அப்படியல்ல. அவற்றில் ஒரு கோஷ்டி சுமார் ரெண்டு வருஷம் டம்மியை மட்டுமே சாப்பிட்டது. உலகத்தில் வேலை செய்கிற மருந்து இருக்கும்போது ஒருத்தருக்கு மாவைக் கொடுத்து வேடிக்கை பார்ப்பது எனக்கு உறுத்துகிறது. ஆராய்ச்சிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1993 சோதனையில் டம்மி கோஷ்டிக்கே வருஷத்துக்கு 1.27 ரிலாப்ஸ் வந்தது. 2010-ல் ஃபிங்கோலிமோடை டம்மியோடு வைத்துப் பார்த்ததில் டம்மி கோஷ்டிக்கு வெறும் 0.40. வியாதியைச் சீக்கிரமே கண்டுபிடித்து, லேசானவர்களையும் சேர்த்துக்கொள்வதால் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. பழைய கணக்கோடு ஒப்பிட்டால் வெல்லத் தண்ணீர்கூட அற்புத மருந்தாகத் தெரியும். எனவே பக்கத்திலேயே ஒரு ஒப்பீடு வேண்டும் என்பது சரி. அந்த ஒப்பீடு ஏன் பழைய மருந்தாக இருக்கக்கூடாது என்பதுதான் என் கேள்வி. அதிக ஆள் வேண்டும், அதிகச் செலவாகும் என்பார்கள். ஆகட்டுமே. அமெரிக்காவில் இந்த கேப்ஸ்யூலை வருஷத்துக்கு 48,000 டாலர் என்று விலை வைத்துத்தான் இறக்கினார்கள்.

பிறகு மாத்திரைகள் வரிசையாக வந்தன. 2012-ல் டெரிஃப்ளுனமைட். 2013-ல் டைமெத்தில் ஃப்யூமரேட். இந்த ரெண்டாவதன் கதை இன்னும் வேடிக்கை. ஷ்வெக்கன்டீக் என்ற ஜெர்மன் கெமிஸ்ட் 1959-ல் தன் சோரியாசிஸுக்குத் தானே சாப்பிட்டுப் பார்த்த ரசாயனக் குடும்பம் அது. 2000-களின் பிற்பாதியில் ஐரோப்பாவில் புது சோஃபாவில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகும் தொடையும் வெந்து போயின. சீனாவிலிருந்து கப்பலில் வரும்போது பூஞ்சை பிடிக்காமலிருக்க, சோஃபாவுக்குள் சின்னப் பொட்டலங்களில் இதே டைமெத்தில் ஃப்யூமரேட்டை வைத்திருந்தார்கள். 2009-ல் ஐரோப்பா அதைப் பொருள்களில் தடை செய்தது. அதே சமயத்தில் எம்.எஸ்.காரர்கள் அதைக் காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று விழுங்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மருந்து பூஞ்சையிலிருந்து வந்தது, இன்னொன்று பூஞ்சையைக் கொல்ல வந்தது.

கிளாட்ரிபின் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தும் மாத்திரையாக ஜெயித்தது. வருஷத்தில் அதிகபட்சம் பத்து நாள், ரெண்டு வருஷம் சாப்பிட்டால் போதும். ஆனால் புற்று பயத்தில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் தயங்க, கம்பெனி 2011-ல் பின்வாங்கியது. சோதனையில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த விவரங்கள் சேர்ந்த பிறகு, 2017-ல் ஐரோப்பாவும் 2019-ல் அமெரிக்காவும் சம்மதித்தன. எல்லாமே ஜெயிப்பதில்லை. எவோப்ருடினிப் என்று பெரிய நம்பிக்கையோடு வந்த ஒன்று, 2023-ல் பழைய டெரிஃப்ளுனமைட்டைத் தாண்ட முடியாமல் தோற்றது. ஆம், இப்போது ஒப்பிடுவது மாத்திரையையும் மாத்திரையையும்.

நம் நாட்டிலும் இந்த மாத்திரைகளில் சிலவற்றை இந்தியக் கம்பெனிகளே செய்கின்றன. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் எம்.எஸ். பெயர் சொல்லி இடம் பெற்றிருக்கிறது. ஆனாலும் வெளியில் பார்த்தால் தெரியாத வியாதி. பஸ்ஸில் உட்கார இடம் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

2012-ல் அவள் கேப்ஸ்யூலை நிறுத்தினாள். குழந்தைக்காக. நிறுத்தி ரெண்டு மாசம் கழித்துத்தான் முயற்சிக்கலாம் என்பது விதி. அந்த இடைவெளியில், ஹாஸ்டல் கேட்டைத் திறந்துவிட்ட மாதிரி, மோசமான ரிலாப்ஸ் ஒன்று வந்தது. இடது கால் அப்புறம் பழையபடி ஆகவே இல்லை. கர்ப்ப காலத்தில் எம்.எஸ். அடங்கியிருக்கும் என்பார்கள். அவளுக்கு அடங்கியது. 2013 கடைசியில் பெண் பிறந்தது. அக்கா மறுபடி டொரான்டோ.

இப்போது அவளுக்கு இன்னொரு சோதனைக்கு அழைப்பு வந்திருக்கிறது. புது மாத்திரை ஒன்றைப் பழைய மாத்திரை ஒன்றோடு ஒப்பிடுகிறார்கள். படிவம் முன்னைவிடப் பருமன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ‘ஆபீஸ்ல இது ரிலீஸ் டைம் மாமா, அடுத்த மாசம் யோசிக்கறேன்’ என்கிறாள்.

அக்காவிடம் சொன்னேன். ‘ஊசி உண்டாடா?’ என்றாள்.

‘இல்லைக்கா. ரெண்டு மாத்திரை. ஒண்ணு டம்மி.’

‘எதுன்னு சொல்ல மாட்டாங்களா?’

‘மாட்டாங்க.’

‘அப்ப ரெண்டையும் சாமிகிட்ட வெக்கச் சொல்லு’ என்றாள்.